கலைப்பீடத்துக்குப் போகும் தம்பி தங்கச்சிமாருக்கு: வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பட்டப்படிப்பைத் தொடங்குவது எப்படி

கலைப்பீடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் எங்கள் ஊர்களில் முதலில் வரும் கேள்வி, "படிச்சிப்போட்டு என்ன மனே செய்யப்போறாய்?" என்பதுதான். கேட்பவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். பதில் முதல் நாளிலேயே உங்களிடம் இருக்க வேண்டும் என்றில்லை. மூன்று அல்லது நான்கு வருடங்களை எப்படிச் செலவழிக்கிறீர்களோ, அதிலிருந்துதான் பதில் உருவாகும். கலைப்பட்டம் தன்னால் பெறுமதி பெறுவதில்லை. நீங்கள் சொந்தமாக வாசித்ததும் எழுதியதும்தான் அதற்குப் பெறுமதி கொடுக்கின்றன. ரியூட்டரி நோட்ஸை மனப்பாடம் செய்து உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை, அதே பழக்கத்தோடு பல்கலைக்கழகத்துக்குள் போனால் முதல் வருடத்திலேயே தடுமாறிவிடும். அப்படித் தடுமாறாமல் இருப்பதற்காகத்தான் விண்ணப்பத்திலிருந்து சான்றிதழ் வரைக்கும் வரிசையாக எழுதுகிறேன்.

விண்ணப்பிக்கும்போது

அரச பல்கலைக்கழகங்களுக்கான அனுமதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நடத்துகிறது. உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பெறுபேறு வந்த பிறகு ஆணைக்குழுவின் கைநூல் வெளிவரும். அதைத் தமிழிலேயே எடுத்து, கலைப்பிரிவுக்குரிய பக்கங்களை ஒரு தடவையாவது முழுதாக வாசியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணாவின் பெட்சில் இருந்த ஒழுங்கு உங்கள் வருடத்தில் மாறியிருக்கலாம்.

விருப்பத் தெரிவு வரிசைதான் பலர் சறுக்கும் இடம். "போன வருட வெட்டுப்புள்ளி எனக்குக் கிட்ட நிற்கிறது, அதனால் அதை முதலில் போடுகிறேன்" என்று கணக்குப் பார்ப்பார்கள். அது தேவையில்லை. உங்கள் இசட் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் வரிசையில் மேலே இருப்பதுதான் உங்களுக்குத் தரப்படும். அதனால் மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே போடுங்கள். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக யூனி கோட் என்ற குறியீட்டு இலக்கம் இருக்கிறது. அதை இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பது நல்லது.

கலை என்றால் ஒரே கதவு என்று நினைக்க வேண்டாம். கிழக்கில் மட்டும் எத்தனை வழி இருக்கிறது பாருங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடம் இருக்கிறது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது அது. கல்லடியில் அதன் கீழ் இயங்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், காண்பியக் கலை எல்லாம் பட்டமாகவே படிக்கலாம். அம்பாறை மாவட்டத்தில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995இல் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. அங்கே கலை கலாசார பீடமும், தனியாக இஸ்லாமிய கற்கைகள் மற்றும் அரபு மொழிப் பீடமும் உண்டு. அழகியல் பாடங்களுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. செய்முறை உளச்சார்புப் பரீட்சையும் இருக்கும். அதன் அறிவித்தலைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகள் உண்டு. பெறுபேறு வந்த நாளிலிருந்து பத்திரிகையையும் நிறுவகத்தின் இணையத்தளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அனுமதி கிடைக்கவில்லை என்றாலும் படிப்பு முடிந்துவிடவில்லை. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. வெளிவாரிப் பட்டங்களும் இருக்கின்றன. ஆசிரிய வேலை நோக்கம் என்றால் மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன.

பதிவுக்கு முன்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உயர்தர, சாதாரண தரச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், புகைப்படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். 1978 நவம்பர் சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் சான்றிதழ்களைப் பறிகொடுத்துவிட்டுக் கச்சேரிக்கும் பாடசாலைக்கும் அலைந்த குடும்பங்கள் எங்கள் கரையோரத்தில் ஏராளம். மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வரும் ஊர் என்றால் கோப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

பணவிடயம். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் போட்டோ கொப்பிக்கும் கைக்காசு வேண்டும். மகாபொல புலமைப்பரிசிலுக்கு உயர்தரப் பெறுபேற்றோடு குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்ற உதவித்தொகை இருக்கிறது. இரண்டுக்கும் கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்படுத்தலும் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் தேவைப்படும். அந்தக் கடிதத்துக்கு முன்கூட்டியே அலையுங்கள். கடைசி நாளில் உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருந்தால் நீங்கள்தான் நட்டப்படுவீர்கள். முதல் தவணைப் பணம் உடனே கைக்கு வராது. முதல் நான்கைந்து மாதங்களை வீட்டுக் காசிலேயே சமாளிக்கத் திட்டமிடுங்கள்.

தங்குமிடம்

விடுதியில் முதலாம் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்கும் முன்னுரிமை கொடுப்பதுதான் பொதுவான வழக்கம். நடுவில் உள்ள வருடங்களுக்குப் போர்டிங் தேட வேண்டி வரலாம். வந்தாறுமூலை என்றால் செங்கலடிப் பக்கமும், ஒலுவில் என்றால் பாலமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனைப் பக்கமும் பார்ப்பார்கள். அறை பார்க்கப் போகும்போது கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். மாரியில் ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று அயலில் கேளுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை எங்கள் பக்கத்தை உண்மையாகவே மூடிவிடும். வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள் அந்த மாதங்களில் பஸ்ஸை நம்பி ஒப்படைத் திகதியைக் கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். காற்று பலமாக அடித்தால் வாவியைக் கடக்கும் மண்டூர்ப் பாதையே (ஆட்களை ஏற்றும் மிதவைப் படகு) ஓடாது.

முதல் மாதம்

பீடக் கைநூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட், எத்தனை சதவீதம் தொடர் மதிப்பீடு, எத்தனை சதவீதம் இறுதிப் பரீட்சை என்பதெல்லாம் அதிலே இருக்கும். வரவு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

பகிடிவதை பற்றி நேராகவே சொல்கிறேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றம். "எல்லாரும் வாங்கினதுதான், நீயும் வாங்கு" என்பது நியாயம் இல்லை. உடலையோ மனதையோ வருத்துகிற எதற்கும் நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. மாணவ ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர், பீடாதிபதி, மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு வசதி என்று சொல்வதற்கு இடங்கள் இருக்கின்றன. வீட்டிலே அம்மாவிடமோ அக்காவிடமோ அன்றன்றைக்கே சொல்லிவிடுங்கள். படிப்பையே விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த இழப்புக்கு ஈடு கிடையாது. நல்ல சீனியர் அண்ணாமார், அக்காமார்தான் அதிகம். புத்தகம் தருவார்கள், பரீட்சைக்கு முன் குப்பி வகுப்பு (மாணவர்களே மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்பு) எடுப்பார்கள், எந்தச் சேர் எதை எதிர்பார்ப்பார் என்று சொல்வார்கள். அந்த உறவு மரியாதையால் வருவது. பயத்தால் வருவதில்லை.

பாடத் தெரிவு

முதல் வருடத்தில் பொதுவாக மூன்று முதன்மைப் பாடங்கள் படிப்பீர்கள். அதில் பெறும் பெறுபேற்றைப் பார்த்துத்தான் பின்னர் ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் சிறப்புக் கற்கைக்கு எடுப்பார்கள். உயர்தரத்தில் படித்த பாடங்களையே திரும்பவும் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சமூகவியல், மெய்யியல், மொழியியல் போன்றவற்றைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கமாட்டீர்கள். அதனாலேயே ஒதுக்கிவிடாதீர்கள். தெரிவுக்கு முன் கிடைக்கும் கிழமைகளில் அந்த விரிவுரைகளிலும் போய் இருந்து பாருங்கள். கூட்டாளிமார் எடுக்கிறார்கள் என்பதற்காக ஒரு பாடத்தை எடுத்தவர்கள், மூன்றாம் வருடத்தில் தனியே நின்று கஷ்டப்படுவார்கள்.

என் அபிப்பிராயம் இது: மூன்றில் ஒன்று உங்களுக்கு ஆசையானதாகவும், ஒன்று எண்ணும் வரைபடமும் உள்ளதாகவும் இருக்கட்டும். புவியியலில் வரைபட மென்பொருள் தெரிந்த பிள்ளைக்கும், பொருளியலில் தரவைக் கையாளத் தெரிந்த பிள்ளைக்கும் பிறகு வேலை தேடும்போது ஒரு பிடி இருக்கும்.

வாசிப்பது, குறிப்பெடுப்பது, ஒப்படை எழுதுவது

இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாரும் இருந்து சொல்லிக்கொடுப்பதில்லை.

இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்றால் ஏறத்தாழ 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம். அதில் விரிவுரை மண்டபத்தில் நடப்பது 45 மணித்தியாலம்தான். மிச்சம் 105 மணித்தியாலம் நீங்கள் நூலகத்திலும் அறையிலும் செய்யவேண்டிய வேலை. விரிவுரைக் குறிப்பை மட்டும் நம்பிப் படிக்கிறவர் பாடத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் படிக்கவில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இப்போது ஓர் ஒப்படையை எடுத்துச் செய்து பார்ப்போம். கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "கிழக்குக் கரையோரத்தின் தாய்வழிக் குடிமுறை, நிலம் மற்றும் வீட்டு உரிமையில் செலுத்தும் செல்வாக்கை ஆராய்க."

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். "விவரிக்க" என்று வந்தால் எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். "ஒப்பிடுக" என்றால் இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். "ஆராய்க" என்றால் ஏன், எப்படி, எந்த அளவுக்கு என்று கேட்டு, ஆதாரத்தோடு நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். குடி என்றால் தாய் வழியாக வரும் குலப்பிரிவு என்று நான்கு பக்கம் விளக்கி நிறுத்திவிட்டால் கேள்விக்குப் பதில் சொன்னதாகாது.

அடுத்தது வாசிப்பு. நூலகத்துக்குப் போய் "குடிமுறை பற்றி ஏதும் இருக்கா?" என்று கேட்பதை விட, பாடத்திட்டத்தில் தந்த வாசிப்புப் பட்டியலில் ஒரு நூலை எடுத்து, அதன் பின்பக்கத்து உசாத்துணைப் பட்டியலைப் பாருங்கள். ஒரு நூலில் இருந்து மற்றதுக்குப் போகிற வழி அதுதான். இந்தத் தலைப்புக்கு 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ அச்சிட்ட முக்குவர் சட்டம் பற்றிய சிறு நூல் இருக்கிறது. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே தங்கி, தமிழர், முஸ்லிம்கள் இரு தரப்பாரின் குடிமுறையையும் ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையில் போன் இருந்தால் போதும். மாரிநாளில் வீட்டில் அடைபட்டிருக்கும்போதும் வாசிக்கலாம்.

வாசிக்கும்போது குறிப்பெடுக்கும் முறை: கொப்பித் தாளின் இடப்பக்கம் நூலாசிரியர், ஆண்டு, பக்க எண். நடுவில் அவர் சொன்னது உங்கள் வார்த்தையில். அவருடைய வார்த்தையை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள். வலப்பக்கம் உங்கள் சந்தேகம் அல்லது மறுப்பு. அந்த வலப்பக்கம் வெறுமையாகவே இருந்தால் நீங்கள் வாசிக்கவில்லை, படியெடுத்திருக்கிறீர்கள். பக்க எண்ணை எழுதாமல் விட்டுவிட்டுக் கடைசி இரவில் நூலைத் திரும்பத் தேடுவது எல்லாப் பெட்சிலும் நடக்கிற கூத்து.

பிறகு எழுதுவது. முதலில் உங்கள் முடிவை ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு: "கல்யாணத்தின்போது வீடு மகளுக்குப் போகும் வழக்கம், குடிப்பெயர் மறந்துபோன குடும்பங்களிலும் இன்னும் நிலைத்திருக்கிறது, ஆகவே நில உரிமையில் தாய்வழி மரபு குடியைவிட நீண்ட ஆயுள் கொண்டது." இப்படி ஒரு வசனம் வந்துவிட்டால் ஒவ்வொரு பந்தியும் அதைத் தாங்கவோ சோதிக்கவோ வேண்டும். இரண்டும் செய்யாத பந்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். முன்னுரையில் "ஆதிகாலம் தொட்டே மனிதன்" என்று தொடங்க வேண்டாம். விரிவுரையாளர் எண்பது ஒப்படை திருத்தப்போகிறார். முதல் பந்தியிலேயே உங்கள் கருத்து அவருக்குத் தெரியட்டும்.

தட்டச்சுக்கு யூனிகோட் பழகுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த ஒப்படை இன்னொரு கணினியில் திறந்தால் கிறுக்கலாக வரும், தேடவும் முடியாது. சாட்ஜிபிடி போன்றவை பற்றியும் கேட்பீர்கள். அவை இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் வைத்து ஆதாரம்போல எழுதித் தரும். எங்கள் பகுதியைப் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம். ஆங்கிலக் கட்டுரையொன்றின் கடினமான பந்தியை விளங்கிக்கொள்ளப் பயன்படுத்தலாம். உங்கள் பந்தியை எழுதக் கொடுத்தால் நீங்கள் படிக்க வந்ததையே வேறொருவரிடம் கொடுத்துவிட்டீர்கள்.

ஊரே ஆய்வுக்களம்

கொழும்பிலும் பேராதனையிலும் படிக்கிறவர்கள் பஸ் பிடித்து, அறை எடுத்து, ஆள் தெரியாமல் அலைந்து சேர்க்கிற தரவு எங்களுக்கு வாசலில் கிடக்கிறது. படுவான்கரையில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்குக் களரி கட்டுகிற அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசான்கள்) இருக்கிறார்கள். மருதமுனையில் கைத்தறி இருக்கிறது. மட்டக்களப்பு நகரில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகிற பறங்கிக் குடும்பங்கள் இருக்கின்றன. வாகரையில் கரையோர வேடர், பாணமையில் தமிழும் சிங்களமும் கலந்த வாழ்க்கை, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மாற்றிவிட்ட குடிசனமும் வயலும், 1814இல் மெதடிஸ்த மிஷன் வந்து தொடங்கிய ஆங்கிலக் கல்வியின் வரலாறு. ஒவ்வொன்றும் ஓர் இறுதியாண்டு ஆய்வுக்குப் போதும். சிலது ஒரு வாழ்நாளுக்கே போதும். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் கொழும்பிலே தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்திலும் தேடிக்கொண்டிருந்தது பழைய யாழைத்தான். எங்கள் மண்ணில் ஆய்வு புதிய விடயம் இல்லை.

ஆகவே முதலாம் வருடத்திலிருந்தே ஒரு கொப்பி வைத்திருங்கள். அம்மம்மா சொல்கிற பழைய சொல், கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள், சந்தையில் மீனுக்கு எப்படி ஏலம் கூறுகிறார்கள் என்று கண்டதையெல்லாம் திகதியும் இடமும் போட்டு எழுதுங்கள். நான்காம் வருடத்தில் தலைப்புத் தேடி மற்றவர்கள் தவிக்கும்போது உங்களிடம் தெரிவு செய்ய நிறைய இருக்கும்.

பேட்டி எடுக்கப் போகும்போது சில ஒழுங்குகள். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள், இந்தத் தகவலை என்ன செய்வீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒலிப்பதிவு செய்ய முன் கேளுங்கள். "வேணாம்" என்றால் போனை உள்ளே வையுங்கள். பெயரை மாற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்தால், குறிப்புக் கொப்பியிலேயே மாற்றி எழுதுங்கள். கிராம சேவகரிடமும், பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது உங்களுக்கும் பாதுகாப்பு. தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் ஊருக்கும், முஸ்லிம் பிள்ளை தமிழ் ஊருக்கும் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பக்கத்து ஊரைப் பற்றி நாங்கள் பேசுவதில் பாதி, கேட்டு அறிந்ததில்லை.

போர், காணாமல் ஆக்கப்பட்டோர், சுனாமி போன்ற தலைப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். மகனைத் தேடுகிற தாயிடம் எத்தனையோ பேர் கொப்பியும் பேனாவுமாக வந்து போயிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. நீங்களும் அப்படி ஒரு ஆளாக வேண்டாம். அந்தத் தலைப்பை எடுக்க முன் மேற்பார்வையாளரோடு நெடுநேரம் பேசுங்கள். எடுத்தால், ஆய்வு முடிந்த பிறகு போய், என்ன எழுதினேன் என்று அந்த வீட்டிலே வாசித்துக் காட்டுங்கள். அழத் தொடங்கினால் கேள்வியை நிறுத்துங்கள். தரவு குறைந்தாலும் பரவாயில்லை.

பரீட்சையும் புள்ளியும்

ஜீ.பீ.ஏ. (தரப்புள்ளிச் சராசரி) கணக்கு பலருக்கு மூன்றாம் வருடத்தில்தான் விளங்குகிறது. 'ஏ' என்றால் 4.00, 'பி' 3.00, 'சி' 2.00. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடத்தில் 'ஏ', இரண்டு கிரெடிட் பாடத்தில் 'சி' என்றால் 12ஐயும் 4ஐயும் கூட்டி ஐந்தால் வகுக்க, 3.20. முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00 வேண்டும். கிரெடிட் கூடிய பாடத்தில் விட்டால் அடி பெரிது என்பது இதிலிருந்து தெரியும்.

மீள எழுதும் பரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி'க்கு மேல் தரமாட்டார்கள். ஆகவே "இந்தத் தடவை விட்டுவிட்டு ரிப்பீட்டில் நல்லாச் செய்வோம்" என்ற எண்ணம் பிழையானது. உண்மையாகவே சுகமில்லாமல் போனால், மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் முறைப்படி கொடுத்து ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். அப்போது அடுத்த தடவை முதல் முயற்சியாகவே கணக்கெடுப்பார்கள். டெங்குக் காலத்தில் இது பலருக்குத் தேவைப்படும்.

கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, மூன்று மணித்தியாலம் மணிக்கூடு வைத்துக் கையால் எழுதிப் பழகுங்கள். நாளெல்லாம் போனில் தட்டிய கை, பரீட்சை மண்டபத்தில் இரண்டாவது விடையிலேயே களைத்துவிடும்.

ஆங்கிலமும் சிங்களமும்

தமிழிலேயே பட்டம் முடிக்கலாம். தமிழிலே சிந்தித்து எழுதுவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எங்களைப் பற்றியே எழுதப்பட்ட ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் கிடக்கிறது. அதை வாசிக்க முடியாவிட்டால் எங்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னதை மறுக்கவும் முடியாது. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. தெரிந்த விடயத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை எடுங்கள். மண்டூர்க் கோயிலைப் பற்றி, கூத்தைப் பற்றி, உங்கள் சொந்த ஊரைப் பற்றி. பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி தானாகப் பிடிபடும். நாளுக்கு ஒரு பக்கம், அகராதியோடு. ஒரு வருடத்தில் வித்தியாசம் தெரியும்.

சிங்களம் பேச எழுதத் தெரிந்த தமிழ்ப் பட்டதாரிக்கு அரச அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பிலும் தேவை அதிகம். வளாகத்தில் சிங்கள மாணவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மொழி சொல்லிக்கொடுங்கள்.

மூன்று வருடமா, நான்கு வருடமா

பொதுப் பட்டம் மூன்று வருடம், குறைந்தது 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் நான்கு வருடம், 120 கிரெடிட், ஆய்வேட்டோடு. மேற்படிப்போ விரிவுரையாளர் வேலையோ கனவு என்றால் சிறப்புத்தான் வழி. வீட்டில் வருமானம் உடனே தேவை, போட்டிப் பரீட்சை எழுதப்போகிறேன் என்றால் பொதுப் பட்டம் எடுத்து ஒரு வருடம் முன்னே வெளியேறுவது புத்திசாலித்தனம். அதை யாரும் குறைவாகப் பேசினால் காதில் வாங்க வேண்டாம்.

வேலை

மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் 2017இல் வேலை கேட்டுப் பந்தல் போட்டு இருந்த பட்டதாரிகளை எங்கள் ஊரார் மறக்கவில்லை. அதனால்தான் அந்த முதல் கேள்வியைக் கேட்கிறார்கள். அரசாங்கம் எப்போதாவது மொத்தமாக நியமனம் கொடுக்கும் என்று காத்திருப்பதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாம் வருடத்திலிருந்தே ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சையை நோக்கினால் பொது அறிவும் கிரகித்தலும் அன்றாடப் பயிற்சி. ஆசிரியராக வேண்டும் என்றால் இப்போதே மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பாருங்கள். பட்டத்துக்குப் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா எடுக்கலாம். மொழிபெயர்ப்பு, ஊடகம், தொண்டு நிறுவனங்களின் களவேலை, சுவடிக்காப்பு, சுற்றுலா வழிகாட்டல் எல்லாவற்றிலும் தெளிவாக எழுதத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். விடுமுறையில் ஒரு உள்ளூர் நிறுவனத்திலோ பத்திரிகையிலோ சம்பளமில்லாமல் இரண்டு மாதம் நின்றாலும், கையில் ஒரு சிபாரிசுக் கடிதமும் செய்த வேலையின் பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியேற முன்

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பஸ் ஏறிவிடாதீர்கள். நூலகத்துக்கும் விடுதிக்கும் உள்ள கடன் தீர்த்த கடிதத்தை எடுங்கள். பெறுபேற்றுப் பட்டியலை ஆங்கிலத்தில் இரண்டு பிரதியாவது பெறுங்கள். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு மூடி முத்திரையிட்ட உறையில் கேட்பார்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அடையாள அட்டையிலும் பட்டச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பட்டமளிப்புக்கு முன்னே பார்த்துத் திருத்துங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும். சிபாரிசு தரக்கூடிய இரண்டு விரிவுரையாளர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அவர்களின் மின்னஞ்சல் முகவரியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் ஒரு பிரதியை, மேற்பார்வையாளரின் சம்மதத்தோடு, நீங்கள் ஆய்வு செய்த ஊரின் வாசிகசாலைக்குக் கொடுங்கள். அடுத்த பெட்சில் அந்த ஊருக்கு வருகிற பிள்ளை அங்கிருந்து தொடங்கலாம்.